வரலாறு படித்தவர் பாலினவியல் படிக்கலாமா?

கேள்வி: வரலாற்றில் பி.ஏ. முடித்திருக்கிறேன். வெளிநாட்டில் மகளிரியல், பாலினவியல் முதுகலை படிக்க ரொம்ப ஆசை. ஆனால் அந்தப் பாடத்தில் ஒரு தாள்கூட எழுதியதில்லை. என்னை எடுப்பார்களா? எஸ்.ஓ.பி.யில் (ஏன் படிக்க விரும்புகிறோம் என்று விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரையில்) என்ன எழுதுவது?

பதில்: தாராளமாக விண்ணப்பியுங்கள். இந்தத் துறையை உருவாக்கியவர்களே உங்களைப் போன்றவர்கள்தான். அமெரிக்காவின் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மகளிரியல் படிப்பு 1970இல் தொடங்கியது. அதற்கென்றே முனைவர் பட்டம் அந்நாட்டில் முதலில் வந்ததோ 1990இல், எமரி பல்கலைக்கழகத்தில். அதுவரை பாடம் நடத்தியவர்கள் வரலாறு, இலக்கியம், சமூகவியல் என்று வேறு துறைகளிலிருந்து வந்தவர்கள். இன்றும் பல இடங்களில் எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கினீர்கள் என்பதைவிட என்ன கேள்வியோடு வருகிறீர்கள் என்றுதான் பார்க்கிறார்கள்.

எஸ்.ஓ.பி.யில் நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். 'பெண்களுக்கு நடக்கும் அநீதி சின்ன வயதிலிருந்தே என் மனதை உறுத்தியது' என்று ஒரு பக்கம் எழுதிவிடுகிறார்கள். அது உண்மையாகவே இருக்கும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை, ஆனால் விண்ணப்பிக்கிற எல்லோருக்கும் அந்த உறுத்தல் இருக்கிறதே, அதை வைத்து உங்களை மட்டும் எப்படி அடையாளம் காண்பார்கள்? அதற்குப் பதில் நீங்கள் ஆராய விரும்பும் கேள்வியை எழுதுங்கள். 'பெண்களும் உழைப்பும்' என்பது வெறும் தலைப்பு. ஒரு பழைய ஆலையின் சம்பளப் பதிவேட்டில் பெண் தொழிலாளி சொந்தப் பெயரில்லாமல் இன்னாருடைய மனைவி என்று மட்டும் பதிவாகியிருந்தால், அதனால் அவர் எந்த உரிமையை இழந்தார் என்று கேளுங்கள், அது கேள்வி. ஆவணங்களோடு பழகிய உங்களுக்கு இது கைவந்த வேலை. மாதிரிக் கட்டுரை கேட்டால் கல்லூரியில் எழுதிய நல்ல வரலாற்றுக் கட்டுரை ஒன்றையே எடுத்து, இந்தக் கோணத்தில் திருத்தி அனுப்பலாம்.

அப்புறம், ஆசிரியர்களைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அவர்கள் எழுதியதை நிஜமாகவே படித்துவிட்டு, யாரிடம் ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று எஸ்.ஓ.பி.யில் சொல்லுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கும் இதே கதைதான்: பெரிய பதவியில் இருப்பவர் எழுதும் நான்கு வரியைவிட, உங்கள் கட்டுரையைத் திருத்திய ஆசிரியர் எழுதும் ஒரு பக்கம் மேல்.

கேள்வி: பணத்துக்கு என்ன வழி? கடன் வாங்கிப் படிக்கப் பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் முதுகலைக்குப் பெரும்பாலும் கைப்பணம்தான். முனைவர் படிப்புக்கோ பல துறைகள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து வாழ்க்கைச் செலவுக்கும் தருகின்றன, சில இடங்களில் பி.ஏ. முடித்ததும் நேராக அதற்கே விண்ணப்பிக்கலாம், ஐந்தாறு ஆண்டு உட்கார மனம் இருந்தால் யோசியுங்கள். பிரிட்டனில் முதுகலை பொதுவாக ஓராண்டு. அந்நாட்டு அரசு தரும் செவனிங் உதவித்தொகை கேட்க இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். ஐரோப்பாவில் ஜெம்மா என்று மகளிரியல், பாலினவியலுக்கான எராஸ்மஸ் முண்டுஸ் முதுகலை (ஐரோப்பிய ஒன்றிய ஆதரவில் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும், உதவித்தொகையும் உள்ள படிப்பு) ஒன்று உண்டு. ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கிறது, இரண்டு ஆண்டை இரண்டு பல்கலைக்கழகங்களில் படிக்க வேண்டும். எங்கே கேட்டாலும் உதவித்தொகைக்கான கடைசித் தேதியை முதலில் பாருங்கள், அது பல நேரம் சேர்க்கைக்கான தேதிக்கு முன்பே முடிந்துவிடும்.

கேள்வி: இந்தப் படிப்பைச் சில நாடுகளில் மூடுகிறார்களாமே?

பதில்: ஆமாம். ஹங்கேரி அரசு 2018இல் பாலினவியல் முதுகலைக்கான அங்கீகாரத்தையே நீக்கியது. புடாபெஸ்டில் அதை நடத்திவந்த மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் இப்போது வியன்னாவில் நடத்துகிறது. அறிவைத் தடை செய்யும் இந்தப் போக்கு எனக்குக் கோபமூட்டுகிறது. ஆனால் நீங்கள் இதற்காகப் பின்வாங்க வேண்டாம். சேர்வதற்கு முன் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, படிப்பு நடுவில் நின்றால் ஏற்கெனவே சேர்ந்தவர்கள் முடித்துப் பட்டம் வாங்க ஏற்பாடு உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள்.