ஆளுமைக் கோளாறுக்கு வேலூரில் தகுந்த உளவியல் சிகிச்சையாளரைத் தேடுவது எப்படி?

பிறரோடு பழகுவதிலும், தன்னை மதிப்பிடுவதிலும், உணர்ச்சிகளைத் தாங்குவதிலும் ஒரே வளையாத போக்கு இளம் வயதிலிருந்தே படிந்து, வாழ்க்கையைத் தொடர்ந்து குலைப்பதையே ஆளுமைக் கோளாறு என்கிறோம். பிறவி இயல்பும் சிறுவயது அனுபவங்களும் சேர்ந்தே இதை உருவாக்குகின்றன.

ஒரு பக்கமாகவே தேயும் செருப்பை எண்ணிப் பாருங்கள். ஆம்பூரில் எவ்வளவு நல்ல தோல் செருப்பு வாங்கினாலும், நடை மாறாதவரை அதே குதிகால் ஓரம்தான் மீண்டும் தேயும். வேலையையும் உறவையும் மாற்றிப் பார்த்துச் சலித்தவர்களின் நிலையும் அதுவே. உடன் வரும் மனச்சோர்வை மாத்திரை தணிக்கலாம். நடையைத் திருத்துவது தொடர்ந்த பேச்சுச் சிகிச்சைதான். அதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

ஆகவே முதலில் மனநல மருத்துவரிடம் நோயறிதலை உறுதிசெய்துகொள்ளுங்கள். பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையமும், அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. சிகிச்சையாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரா, டிபிடி (கொந்தளிக்கும் உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) போன்ற முறைகளில் பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். "நான் கோபத்தில் பாதியில் எழுந்து போய்விட்டால் என்ன செய்வீர்கள்?" என்றும் முதல் சந்திப்பிலேயே கேட்கலாம்; என் கணிப்பில், பட்டத்தைவிட அந்தப் பதிலே அதிகம் உணர்த்தும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் காத்திருக்காமல் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸை அழையுங்கள். இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

ஒருவருக்குள் இரண்டு ஆட்கள் இருப்பதுதான் ஆளுமைக் கோளாறு என்று பலர் எண்ணுகிறார்கள். அது முற்றிலும் வேறொரு நோய்.