உகாண்டா போக மஞ்சக் காய்ச்சல் ஊசி: சீல் போட்ட அட்டை மட்டும் இருந்தா போதுமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நாங்க அம்பாசமுத்திரம் பக்கம். எனக்கு 63 வயசு, சுகரும் பிரஷரும் இருக்கு, ரெண்டுக்கும் மாத்திரை போடுதேன். வீட்டுக்காரிக்கு 61. முடக்குவாதத்துக்கு நாலு வருசமா மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடுதா, வாரத்துக்கு ஒரு நாள். எங்க மக உகாண்டாவுல கம்பாலாவுல இருக்கா, இப்ப ஆறு மாசம். பேறுகாலம் பாக்க நாங்க ரெண்டு பேரும் போய் மூணு மாசம் இருந்துட்டு வரலாம்னு இருக்கோம். டிக்கெட் இன்னும் போடல. மஞ்சக் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை இருந்தாத்தான் விசாவாம். டிராவல்ஸ்காரர் ஒருத்தர், "வயசான காலத்துல ஊசி போட்டு எதுக்கு காய்ச்சல்ல கெடக்கணும், ரூபா குடுங்க, சீல் போட்ட அட்டையே வாங்கித் தாரேன்"ங்கார். மஞ்சக்காமாலை ஊசி நாங்க ஏற்கனவே போட்டிருக்கோம், அது பத்தாதா? என்ன செய்யட்டும்?

பதில்: அண்ணாச்சி, அந்த அட்டையை மட்டும் வாங்கிராதீங்க. அட்வான்ஸ் குடுத்திருந்தீங்கன்னா கூட போனா போகுதுன்னு விட்டுருங்க. உங்க கேள்வியில ரெண்டு பேர் இருக்கீங்க, ரெண்டு பேருக்கும் பதில் வேற வேற, அதனால கொஞ்சம் நீளமாத்தான் எழுதணும். உங்களுக்கு ஊசி போடலாம். மதினிக்கு இப்ப இருக்குற நிலைமையில அந்த ஊசி ஆகாது. ஆனா அதுக்காக போலி அட்டை வாங்க வேண்டியதே இல்ல, ஊசி ஆகாதவங்களுக்குன்னே நேர் வழி ஒண்ணு இருக்கு, அதைத்தான் டிராவல்ஸ்காரர் உங்ககிட்ட சொல்லல.

மஞ்சக்காமாலை ஊசியைப் பத்தி மொதல்ல சொல்லிருதேன். நீங்க போட்டது ஹெபடைடிஸ் ஊசியா இருக்கும். மஞ்சக் காய்ச்சல்ங்கிறது வேற வைரஸ், கொசு கடிச்சி வருது, ஆப்பிரிக்காவுலயும் மத்திய, தென் அமெரிக்காவுலயும் மட்டும் இருக்கு. கொசு கடிச்ச 3 நாள்ல இருந்து 6 நாளுக்குள்ள காய்ச்சல், தலைவலி, இடுப்புவலின்னு ஆரம்பிக்கும், நெறைய பேருக்கு அதோட சரியாப் போயிரும், ஒரு சிலருக்கு மட்டும் விட்ட காய்ச்சல் திரும்பி வந்து கண்ணு மஞ்சளாகி ரத்தக்கசிவு வரைக்கும் போகும், அந்த நெலமைக்குப் போனவங்கள்ல பாதிப் பேர் பொழைக்கிறதில்ல. தனியா மருந்து கெடையாது. பேர்ல மஞ்சள் இருக்குன்னு கீழாநெல்லியை அரைச்சிக் குடிச்சா கேக்குற நோய் இல்ல இது.

சரி, நம்ம கவர்மெண்ட் ஏன் இந்த அட்டையில இம்புட்டு கெடுபிடி காட்டுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? அந்த வைரஸை சுமக்குற ஏடிஸ் கொசு நம்ம வீட்டு சிமெண்ட் தொட்டியிலயும் உடைஞ்ச பானையிலயும் இருக்கு, டெங்கு பரப்புதே அதே கொசுதான். 2012-ல நம்ம மாவட்டத்துல டெங்கு ஆடுன ஆட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், கடையநல்லூர் பக்கம் வீட்டுக்கு வீடு காய்ச்சல். கொசு தயாரா இருக்கு, நம்ம ஜனங்க யாருக்கும் இந்த நோய்க்கு எதிர்ப்பு சக்தி கெடையாது, வைரஸ் ஒண்ணு மட்டுந்தான் இன்னும் இங்க வந்து சேரல. 2016-ல அங்கோலாவுல மஞ்சக் காய்ச்சல் பரவுனப்போ அங்க வேலை பாத்துட்டு ஊசி போடாம ஊர் திரும்புன 11 சீனாக்காரங்க நோயோட போய் இறங்குனாங்க, ஆசியாவுக்குள்ள அது வந்தது அதுதான் மொத தடவை. போலி அட்டையை வச்சிக்கிட்டு நீங்க திருவனந்தபுரத்துல இறங்கி பாபநாசம் பஸ்ஸைப் பிடிச்சி வீட்டுக்கு வாரீங்கன்னா, ஒண்ணும் ஆகாமலும் போகலாம், ஆனா ஆகிட்டா அது உங்க வீட்டோட நிக்காது.

சட்டப்படியும் மஞ்சக் காய்ச்சல் இருக்குற நாடுகள்ல இருந்து முறையான அட்டை இல்லாம இந்தியாவுக்கு வாரவங்களை 6 நாள் வரைக்கும் தனியா வச்சிப் பாத்துட்டுத்தான் விடுவாங்க. உகாண்டாவுலயும் ஒரு வயசுக்கு மேல இருக்குற எல்லாரும் அட்டை காட்டணும், இ-விசாவுக்கு எழுதிப் போடும்போதே அதை அப்லோட் பண்ணச் சொல்லுவாங்க.

இப்ப உங்க விஷயம். உங்களுக்குப் பக்கத்துல தூத்துக்குடி துறைமுகத்துல இருக்குற போர்ட் ஹெல்த் ஆபீஸ்ல போடுதாங்க, சென்னைன்னா கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட். தனியார் ஆஸ்பத்திரியில போட்டுக்கிட்டு வந்து நிக்காதீங்க, அங்கீகாரம் உள்ள சென்டர் போட்ட அட்டைதான் செல்லும். போன் பண்ணி நாள் கேட்டுக்கிட்டு கெளம்புங்க, ஏன்னா அந்த மருந்து பொடியா வரும், ஒரு குப்பியில பல பேருக்கு உள்ளது இருக்கும், கலக்கிட்டா 6 மணி நேரத்துக்குள்ள போட்டு முடிச்சிரணும், அதனால ஆள் சேத்து குறிப்பிட்ட நாள்லதான் போடுவாங்க. ஒரே ஒரு ஊசி, மேல்கையில தோலுக்கு அடியில அரை மில்லி, அம்புட்டுதான். ஊசி போட்டு 10 நாள் கழிச்சித்தான் அட்டை செல்லுபடி ஆகும், அதுக்கு மேல ஆயுசுக்கும் செல்லும். முன்னெல்லாம் 10 வருசம்னு இருந்தது, 2016 ஜூலையில மாத்திட்டாங்க. அதனால ஊசி போட்ட தேதியில இருந்து 10 நாளை எண்ணிட்டு அப்புறமா டிக்கெட் போடுங்க.

அட்டையில பேரு பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்கணும். நம்ம ஊர்ல இனிஷியல்தான் பெரிய தொந்தரவு, பாஸ்போர்ட்ல அப்பா பேரை முழுசா எழுதியிருப்பாங்க, இங்க பழக்கதோசத்துல வெறும் எழுத்தைச் சொல்லிட்டு வந்துருவோம். பாஸ்போர்ட் நம்பர், மருந்தோட பேட்ச் நம்பர், டாக்டர் கையெழுத்து, சீல் எல்லாம் இருக்கான்னு அந்த கவுண்டர்லயே நின்னு பாத்துட்டு வாங்க.

உங்க சுகரும் பிரஷரும் கட்டுக்குள்ள இருந்தா ஊசிக்குத் தடை இல்ல. ஆனா உங்களுக்கு 60 தாண்டிட்டு, மொத தடவையா போடப்போறீங்க, அதை ஊசி போடுற டாக்டர்கிட்ட நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்க. இது உயிரோட இருக்குற வைரஸை பலவீனமாக்கி செஞ்ச மருந்து, 1930-கள்ல இருந்து கோடிக்கணக்கான பேருக்குப் போட்ட நல்ல மருந்துதான், ஆனாலும் 60-க்கு மேல லட்சத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்கு அந்த பலவீனமான வைரஸே உள்ளுக்குள்ள பெருகி ஈரலையும் கிட்னியையும் பாதிக்கும். ரொம்ப அபூர்வம், அதே சமயம் நோய் இருக்குற ஊருக்கு மூணு மாசம் போறவருக்கு ஊசி போடாம இருக்குறதுதான் பெரிய ஆபத்து, அதனால நான் போட்டுக்கங்கன்னுதான் சொல்லுவேன். போட்டு ஒரு வாரத்துக்குள்ள லேசா காய்ச்சல், மேல்வலி வரும், பாரசிட்டமால் போதும். காய்ச்சல் கடுமையா அடிச்சாலோ கண்ணு மஞ்சளானாலோ மூச்சு வாங்குனாலோ வீட்ல இருக்காதீங்க. முட்டை சாப்பிட்டா உடம்பு தடிக்கும்னாலோ, நெஞ்சுக்கூட்டுல தைமஸ் சுரப்பி ஆபரேஷன் ஏதாவது நடந்திருந்தாலோ மறைக்கவே கூடாது, அவங்களுக்கு இந்த ஊசி ஆகாது.

மதினி விஷயத்துலதான் எனக்குக் கவலை. மெத்தோட்ரெக்ஸேட் உடம்போட எதிர்ப்பு சக்தியை மட்டுப்படுத்தித்தான் மூட்டு வீக்கத்தைக் குறைக்குது. அப்படிப்பட்ட உடம்புக்குள்ள உயிருள்ள வைரஸை விட்டா அதை அடக்க ஆள் இருக்காது. டிராவல்ஸ்காரர் பேச்சைக் கேக்காம நீங்க நல்லவங்களா நேரா சென்டருக்குப் போய், கூட்டத்துல இந்த மாத்திரையைப் பத்திச் சொல்லாம விட்டுட்டு ஊசி போட்டுட்டு வந்தாலும் ஆபத்துதான். அதனால மதினியோட மருந்துச் சீட்டு அத்தனையும் கையில இருக்கணும். மூட்டு டாக்டர்கிட்ட, இன்ன நோய், இன்ன மருந்து, இந்தக் காரணத்தால மஞ்சக் காய்ச்சல் ஊசி போடக்கூடாதுன்னு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் வாங்குங்க, அதை சென்டர்ல காட்டி விலக்கு சர்டிபிகேட் கேளுங்க. உலக சுகாதார விதியிலயே இதுக்கு இடம் இருக்கு. ஆனா அதை ஏத்துக்குறதும் ஏத்துக்காததும் அந்த நாட்டு அதிகாரி கையிலதான், அதனால டெல்லியில இருக்குற உகாண்டா ஹைகமிஷனுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு பதிலை பிரிண்ட் எடுத்து வச்சிக்கங்க. திரும்பி வரும்போது நம்ம ஏர்போர்ட்லயும் கேள்வி கேப்பாங்க, சில நாள் கண்காணிப்புல இருக்கச் சொன்னா இருக்கத்தான் வேணும்.

மாத்திரையை கொஞ்ச நாள் நிப்பாட்டிட்டு ஊசி போட்டுறலாமேன்னு நீங்களா முடிவு பண்ணிராதீங்க. ஒரு வாரம் ரெண்டு வாரம் நிப்பாட்டுனா பத்தாது, அதுக்குள்ள மூட்டு வீங்கி பேரப்பிள்ளையைத் தூக்க கை இல்லாம போயிரும். அதை மூட்டு டாக்டர்தான் சொல்லணும்.

என்கிட்ட கேட்டா, சர்டிபிகேட் கெடைச்சாலும் நோய்க்கு எதிர்ப்பு இல்லாமத்தான் மதினி அங்க இருக்கப் போறாங்க, எனக்கு அதுல முழு மனசு இல்ல. மகளுக்கு ஆறு மாசம்தானே, அவங்க டாக்டர் சரின்னா மகளை இங்க வரச் சொல்லலாமே, தாய் வீட்டுப் பேறுகாலம் நம்ம வழக்கந்தானே. 28 வாரத்துக்கு மேல விமானத்துக்கு டாக்டர் லெட்டர் கேப்பாங்க, 36 வாரத்தைத் தாண்டிட்டா பெரும்பாலும் ஏத்தவே மாட்டாங்க, அதனால பேசுறதுன்னா இந்த வாரமே பேசுங்க. அவங்க அங்கதான் பெத்துக்கணும்னு இருந்தா நீங்க மட்டும் போறதா, ரெண்டு பேருமான்னு உக்காந்து முடிவு பண்ணுங்க.

மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்துல எந்தக் கிழமை போடணும்னு மாத்திரை அட்டையில பெருசா எழுதி ஒட்டுங்க. ஊர் மாறுன குழப்பத்துல தெனமும் போட்டு, ரத்த அணுக்கள் எல்லாம் கொறைஞ்சி வாயெல்லாம் புண்ணாகி வந்த ஒரு அம்மாவை நான் பாத்திருக்கேன், அவங்க சொந்த மகன்தான் பாசமா டப்பாவுல ஏழு நாளைக்கும் அடுக்கிக் குடுத்திருந்தாரு.

உகாண்டாவுல மஞ்சக் காய்ச்சலை விட தினப்படி பயம் மலேரியாதான், இதுக்கு எந்த ஏர்போர்ட்லயும் அட்டை கேக்க மாட்டாங்க, அதனாலயே நம்ம ஆளுங்க மறந்துருதாங்க. சில வருசத்துக்கு முந்தி ஆப்பிரிக்காவுல வேலை பாத்துட்டு லீவுல வந்த பையன் ஒருத்தனைக் கூட்டிட்டு வந்தாங்க. நாலு நாள் காய்ச்சல், மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டிருக்காங்க, எந்த ஊர்ல இருந்து வந்தான்னு யாரும் சொல்லல. கண்ணைப் பாத்தா மஞ்சள், பேச்சு குழறுது. அவன் அம்மா மருந்துச் சீட்டு எடுக்க பையைத் திறந்தப்போ கைப்பிடியில ஏர்லைன் டேக் தொங்குது, அப்பத்தான் எனக்குப் பொறி தட்டிச்சி. ரத்தத்துல பால்சிபாரம்ங்கிற கடுமையான மலேரியா கிருமி நெறைஞ்சி கெடந்தது. ஐசியூவுல கெடந்து பொழைச்சான். நாலு நாளுக்கு முந்தியே "ஆப்பிரிக்காவுல இருந்து வந்திருக்கான்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்திரையிலயே முடிஞ்சிருக்கும்.

அதனால போறதுக்கு முன்னாடி மலேரியா தடுப்பு மாத்திரை எழுதி வாங்குங்க. டாக்ஸிசைக்ளின்னா போறதுக்கு ரெண்டு நாள் முந்தி ஆரம்பிச்சி தெனமும் போட்டு ஊர் திரும்பி 4 வாரம் வரைக்கும் விடாம போடணும், அட்டோவாக்குவோன்-புரோகுவானில்னா திரும்பி ஒரு வாரம். மதினிக்கு இதுல எது மெத்தோட்ரெக்ஸேட்டோட சேராதுன்னு பாத்துத்தான் குடுக்கணும், உங்களுக்கு எழுதுனதை அவங்களுக்கும் பங்கு வைக்காதீங்க. பகல்ல கடிக்கிறது ஏடிஸ், ராத்திரி கடிக்கிறது மலேரியா கொசு, அதனால ரெண்டு வேளையும் கவனம் வேணும். சாயங்காலம் சாரத்தைக் கட்டிக்கிட்டு காத்தாட வெளிய உக்காருற பழக்கத்தை அந்த மூணு மாசம் விட்டுருங்க, பேண்ட்டும் முழுக்கை சட்டையும் போடுங்க, மருந்து தோய்ச்ச கொசுவலைக்குள்ள படுங்க.

இன்னொண்ணு. தாமிரபரணியில முங்கி வளந்தவங்க நாம, தண்ணியைக் கண்டா கால் நனைக்காம இருக்க முடியாது. அங்க விக்டோரியா ஏரி கடல் மாதிரி கெடக்கும், ஆனா அதுல எறங்காதீங்க. நத்தையில இருந்து வெளிய வார ஒரு புழு தோலைத் துளைச்சி உள்ள போய் குடல், ஈரல்னு பாதிக்கும்.

மாத்திரை எல்லாம் அட்டையோடயே, மருந்துச் சீட்டோட, கைப்பையில இருக்கட்டும். சுகர் மாத்திரையை விமானத்துல சாப்பாடு கைக்கு வந்த பெறகு போடுங்க, அதுக்கு முந்தி போட்டுட்டு உக்காந்து கிறுகிறுன்னு வந்தா சிரமம். மதினி கண்டிப்பா பேறுகால மருந்துப் பொடி இடிச்சி எடுத்துட்டுத்தான் வருவாங்க, அதை மாத்திரையோட சேக்காம பெரிய பெட்டியில வச்சி மேல இங்கிலீஷ்ல பேரு எழுதி ஒட்டுங்க.

திரும்பி வந்த பெறகு மூணு மாசம் வரைக்கும் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்னைக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணணும், டாக்டர் ரூம்ல நுழைஞ்ச உடனே மொத வார்த்தையே "உகாண்டா போயிட்டு வந்தேன்"னு இருக்கட்டும்.

கடைசியா பொறக்கப் போற பிள்ளை. மக பிள்ளையோட ஊருக்கு வாரதா இருந்தா 6 மாசம் முடியறதுக்கு முன்னாடி வரச் சொல்லுங்க, அதுவரைக்கும் நம்ம நாட்டுல கைப்பிள்ளைக்கு அட்டை கேக்க மாட்டாங்க. அதைத் தாண்டிட்டா 9 மாசம் ஆகட்டும், ஊசி போட்டு 10 நாள் கழிச்சி டிக்கெட் போடலாம். நடுவுல உள்ள மூணு மாசத்துல வந்தா ஊசியும் போட மாட்டாங்க, அட்டை கேட்டாலும் கேப்பாங்க, கைப்பிள்ளையை வச்சிக்கிட்டு ஏர்போர்ட்ல நிக்க வேண்டாம்.