ஆங்கிலத்தில் ‘பிராப்ளம்ஸ்’ என்பதற்குப் பதிலாக வேறு என்னென்ன சொற்கள் எழுதலாம்?

நீங்கள் அலுவலக மெயில் எழுதுபவராகத்தான் இருக்க வேண்டும். ஒரே மெயிலில் நாலு இடத்தில் பிராப்ளம் என்று வந்துவிட்டது, மேலாளர் பார்ப்பதற்குள் இரண்டையாவது மாற்றிவிடலாம் என்று தேடியிருப்பீர்கள். நானும் அப்படித் தேடித்தான் மாட்டிக்கொண்டேன்.

சொற்களை முதலில் சொல்லிவிடுகிறேன்: டிஃபிகல்டி, ட்ரபிள், இஷ்யூ, ஹார்ட்ஷிப், ஹர்டில், ஸ்னாக், செட்பேக். கணினியில் எல்லாம் ஒரே பட்டியலில் வரிசையாக நிற்கும். அந்த வரிசையை நம்பாதீர்கள்.

2011-இல் சென்னையில் ஒரு நிறுவனத்தில் நைட் ஷிஃப்ட் சப்போர்ட் வேலை பார்த்தேன். வாடிக்கையாளரின் அலுவலகம் பெல்ஃபாஸ்ட் நகரில், அதாவது வட அயர்லாந்தில். ஒரு வாரத்தில் இரண்டு முறை அவர்களுடைய சர்வர் படுத்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு மெயில் எழுதும் பொறுப்பு எனக்கு. எங்கள் டீம் லீடுக்கு ‘பிராப்ளம்’ என்ற சொல்லே ஆகாது. சரி என்று, மாற்றுச் சொற்களைக் காட்டுவதற்காக வேர்டில் ஷிஃப்ட்டையும் எஃப்7-ஐயும் சேர்த்து அழுத்தினேன். ‘ட்ரபிள்ஸ்’ வந்தது. பார்க்க அடக்கமாக இருந்தது, எடுத்து வைத்துக்கொண்டேன்.

தலைப்பு வரியில் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாகப் போடுவது என் பழக்கம். ஆக, பெல்ஃபாஸ்டில் நடந்த ‘தி ட்ரபிள்ஸ்’ அனைத்துக்கும் வருந்துகிறோம் என்ற பொருளில், பெரிய ‘டி’ போட்டு, பதினான்கு பேருக்கு மெயில் போய்விட்டது.

அரை மணி நேரத்தில் அங்கிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். கோபமே இல்லை. “நீங்கள் என்ன சொல்ல வந்தீர்கள் என்று புரிகிறது. ஆனால் அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் வேறு அர்த்தம். அடுத்த முறை பிராப்ளம்ஸ் என்றே எழுதுங்கள்” என்றார். அதன் பிறகுதான் கூகுளில் தேடினேன். 1960-களின் கடைசியில் தொடங்கி 1998 ஏப்ரல் 10 புனித வெள்ளி ஒப்பந்தம் வரை, பிரிட்டனோடு இருப்பதா அயர்லாந்தோடு சேருவதா என்று நடந்த மோதலுக்கு அங்கே பெயரே ‘தி ட்ரபிள்ஸ்’. 3,500 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள், அதில் பெல்ஃபாஸ்டில் இறந்தவர்கள் ஏராளம். அதற்குத்தான் ஒரு சப்போர்ட் பையன் சென்னையிலிருந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறான்.

இதுகூடத் தெரியாதா என்று கமெண்டில் வந்து கேட்பவர்களுக்கு: தெரியாதுதான். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, பெல்ஃபாஸ்ட் என்றால் டைட்டானிக் கட்டிய ஊர் என்பதோடு சரி. பின்னாளில் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “எங்கட வீட்டிலும் சண்டை நடந்த காலத்தைப் ‘பிரச்சினை நேரம்’ எண்டுதான் சொல்லுறவை” என்றார்.

அப்புறம் நானாகக் கற்றுக்கொண்டது. ‘ட்ரபிள்’ வேண்டுமென்றால் பெரும்பாலும் ஒருமையில் எழுதுங்கள். ‘டிஃபிகல்டி’ ஒரு வேலையைச் செய்ய முடியாமல் திணறும்போது பொருந்தும். ‘ஹார்ட்ஷிப்’ பசி, பணக்கஷ்டம், வேலையிழப்பு போன்றவற்றுக்கு, அதாவது மனிதர்களுக்கு. சர்வருக்கு ஹார்ட்ஷிப் வராது. ‘ஹர்டில்’ தாண்டிப்போக வேண்டியது, ஆகவே இனி வரப்போகும் தடைக்குச் சரி. ‘செட்பேக்’ ஓரளவு முன்னேறிய பிறகு வரும் சறுக்கல். ‘ஸ்னாக்’ எனக்குப் பிடித்தது: ஆற்று நீருக்கடியில் மறைந்து கிடந்து படகைக் கிழிக்கும் மரக்கட்டைக்கும் அதுதான் பெயர். சின்னதாக, எதிர்பாராமல் இடறுவதற்கு அதை எழுதலாம். ‘இஷ்யூ’ எங்கும் செல்லும், எதையும் சொல்லாது. பிராப்ளம் நாலு முறை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் இப்போது என் கட்சி. ஆங்கிலப் பேராசிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நான் மெயிலுக்கு மட்டும் சொல்கிறேன்.

‘சேலஞ்ச்’ என்பதை வேண்டுமென்றேதான் விட்டேன். அதே அலுவலகத்தில் இரவு இரண்டு மணிக்கு கேப் எங்களை மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். தெருவுக்குள் திரும்பினால் ஓட்டுநருக்கு அடுத்த டிரிப் தாமதமாகுமாம். நாய்களுக்கு நடுவே முக்கால் கிலோமீட்டர் நடை. என்னோடு இறங்கும் பெண்ணை அவர் வீட்டில் விட்டுவிட்டு நான் திரும்பி வர வேண்டும். மூன்று முறை புகார் எழுதினோம். மூன்று முறையும் வந்த பதில், இது நம் எல்லோருக்குமான சேலஞ்ச் என்பதுதான். பதில் எழுதியவர் காலை ஒன்பதரைக்குச் சொந்தக் காரில் வருவார்.