கேபிளை எடுத்துவிட்டால் மேட்ச் எதில் பார்ப்பது? வாசகர் கேள்வி-பதில்

ஐபிஎல் நெருங்கும்போது வரும் கேள்விகளில் பாதி இதைப் பற்றித்தான்: கேபிளை நிறுத்திவிட்டு ஓடிடிக்கு மாறலாமா, மாறினால் நம்ம ஊர் அணிகளின் ஆட்டங்கள் கைவிட்டுப் போய்விடுமா? பலருக்கும் பயன்படும் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன். ஒளிபரப்பு உரிமையும் விலையும் மாறிக்கொண்டே இருப்பவை. பணம் கட்டும் அன்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிளுக்கு மாதம் 300 ரூபாய் கட்டுகிறேன். ஃபைபர் நெட்டும் இருக்கிறது. எனக்கு வேண்டியது சிஎஸ்கே, டிஎன்பிஎல், தமிழ் தலைவாஸ். மூன்றும் ஓடிடியில் வருமா? – வாசகர், ஈரோடு

வரும். ஆனால் மூன்றும் ஒரே ஆப்பில் வரும் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஐபிஎல் ஜியோஹாட்ஸ்டாரில் வருகிறது. 2023 முதல் 2027 வரையிலான உரிமை ஏலத்தில் டிவி உரிமையை ஸ்டார் 23,575 கோடி ரூபாய்க்கு எடுத்தது, டிஜிட்டல் உரிமை ஜியோசினிமாவை நடத்திய வயாகாம்18-க்குப் போனது. அதனால்தான் 2023, 2024 சீசன்களை ஜியோசினிமாவில் இலவசமாகப் பார்த்தோம். பிறகு இரண்டு நிறுவனங்களும் இணைந்தன. 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒரே ஆப் ஆகிவிட்டன. இலவசக் காலம் அதோடு முடிந்தது.

தமிழ் தலைவாஸ் ஆடும் புரோ கபடியும் அதே ஜியோஹாட்ஸ்டார்தான். தலைவாஸ் 2017-இல் சேர்ந்ததிலிருந்து இந்த லீகை டிவியில் காட்டிவருவது ஸ்டார் ஸ்போர்ட்ஸ். தமிழ்நாட்டின் டி20 லீகான டிஎன்பிஎல் மட்டும் வேறு வழி. சமீபத்திய சீசன்களில் டிவியில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழிலும், நெட்டில் ஃபேன்கோட் என்ற ஆப்பிலும் வந்தது. ஃபேன்கோடில் ஒரு தொடருக்கு மட்டும் பாஸ் வாங்கலாம்.

இப்போது நாள்காட்டியைப் பாருங்கள். ஐபிஎல் மார்ச் கடைசியில் தொடங்கி மே கடைசி, ஜூன் முதல் வாரம் வரை ஓடும். டிஎன்பிஎல் வழக்கமாக ஜூன், ஜூலை. கபடி 2025-இல் ஆகஸ்ட் 29 முதல் அக்டோபர் 31 வரை நடந்தது. உங்களுக்குப் பிடித்த மூன்றும் ஒன்று முடிந்து ஒன்று வருகின்றன. ஆகவே வருடம் முழுக்க எல்லாவற்றுக்கும் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஜியோஹாட்ஸ்டார் தொடங்கியபோது டிவியில் பார்க்க உதவும் சூப்பர் பிளான் மூன்று மாதத்துக்கு 299 ரூபாய், வருடத்துக்கு 899 ரூபாய். அந்தக் கணக்குப்படி ஐபிஎல்லுக்கு ஒன்று, கபடிக்கு ஒன்று என்று மூன்று மாதப் பேக்கை இரண்டு முறை போட்டால் 598 ரூபாய். இந்திய அணி சொந்த மண்ணில் ஆடும் ஆட்டங்களும் ஐசிசி தொடர்களும் வேண்டுமென்றால் வருடப் பிளானே லாபம். கேபிளுக்கு நீங்கள் வருடத்தில் கொடுப்பது 3,600 ரூபாய். நெட் ஏற்கெனவே இருக்கிறது என்பதால் உங்கள் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை, மாறிவிடுங்கள். ஆட்டோ-பே மட்டும் போட்டு வைக்காதீர்கள். சீசன் முடிந்த பிறகும் பணம் போய்க்கொண்டிருக்கும்.

ரீசார்ஜ் செய்தால் ஹாட்ஸ்டார் இலவசம் என்றார்கள். போனில் வருகிறது, டிவியில் போட்டால் பிளானை மாற்றச் சொல்கிறது. – வாசகி, திருச்சி

உங்கள் ரீசார்ஜோடு வந்திருப்பது மொபைல் பிளானாக இருக்கும். அது ஒரே ஒரு போனுக்கானது, டிவியில் ஓடாது. ரீசார்ஜ் பேக்கின் விவரத்தில் 'மொபைல்' என்று மட்டும் இருக்கிறதா, 'டிவி' என்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆப்புக்குள்ளேயே கூடுதல் பணம் கட்டி சூப்பருக்கு மாறவும் வழி உண்டு.

பக்கத்து வீட்டில் சிக்ஸர் என்று கத்துகிறார்கள், என் டிவியில் பௌலர் அப்போதுதான் ஓடி வருகிறார். நெட் வேகம் 100 எம்பிபிஎஸ். என்ன கோளாறு? – வாசகர், மதுரை

கோளாறு எதுவும் இல்லை. உங்கள் நெட் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு.

கேபிளிலும் டிடிஎச்சிலும் காட்சி சாட்டிலைட் வழியாக இறங்கி நேராக வீட்டுக்கு வருகிறது. அதில் சில விநாடிதான் தாமதம். ஓடிடியில் அதே காட்சியைச் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் தயாரித்து, பல ஊர்களில் இருக்கும் சர்வர்களுக்கு அனுப்புகிறார்கள். உங்கள் ஆப் அங்கிருந்து சில துண்டுகளை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகே ஓட்டத் தொடங்கும். நடுவில் நெட் ஒரு நொடி தடுமாறினாலும் படம் நிற்காமல் இருக்கத்தான் இந்த முன்சேமிப்பு. அதற்கு நாம் கொடுக்கும் விலை அரை நிமிடம் வரையிலான தாமதம்.

முழுதாக ஒழிக்க முடியாது, குறைக்கலாம். ஆட்டத்தின் நடுவே படம் சுற்றிச் சுற்றி நின்றிருந்தால் அந்த நேரமும் தாமதத்தோடு சேர்ந்துகொள்ளும். ஆப்பிலிருந்து வெளியே வந்து மறுபடி நுழையுங்கள், அல்லது 'லைவ்' பட்டனை அழுத்துங்கள். டிவிக்கு லேன் வயர் போட முடிந்தால் போட்டுவிடுங்கள், அதைவிட நல்ல வழி இல்லை. வைஃபைதான் என்றால், ரவுட்டர் அதே அறையில் இருக்கும்போது 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு, நடுவில் சுவர்கள் இருந்தால் 2.4 சரிப்படும். அப்புறம், ஸ்கோர் ஆப்களின் நோட்டிஃபிகேஷனை ஆட்டம் முடியும்வரை அணைத்து வையுங்கள். பக்கத்து வீட்டுச் சத்தத்துக்கு முன்பே அது முடிவைச் சொல்லிவிடும்.

கடைசி ஓவரை அந்த நொடியில் பார்ப்பதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால், கேபிள் அல்லது டிடிஎச்சை வைத்துக்கொள்வதே நியாயமான முடிவு. 2021-இல் சையத் முஷ்டாக் அலி டி20 கோப்பை இறுதிப் போட்டியில் கர்நாடகாவுக்கு எதிராகத் தமிழ்நாட்டு வீரர் ஷாருக் கான் கடைசிப் பந்தில் அடித்த சிக்ஸரை நேரடியாகப் பார்த்தவர்களுக்கு, அந்த ஒரு நொடிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று புரியும்.

அம்மாவுக்கு 74 வயது. சன் டிவி சீரியலும் சிஎஸ்கே மேட்சும்தான் அவருக்கு உலகம். செலவைக் குறைக்க ஓடிடிக்கு மாற்ற நினைக்கிறேன். தமிழ் கமெண்டரி கிடைக்குமா? – வாசகி, தாம்பரம்

தமிழ் கமெண்டரி கிடைக்கும். ஜியோஹாட்ஸ்டாரில் ஆட்டம் ஓடும்போது மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். சன் டிவி சன் நெக்ஸ்டில் நேரலையாக வருகிறது. விஜய் டிவி தொடர்கள் ஜியோஹாட்ஸ்டாரில், ஜீ தமிழ் தொடர்கள் ஜீ5-இல். எல்லாம் இருக்கிறது.

ஆனால் அம்மா தனியாக இருக்கும் நேரத்தில் அதை யார் போட்டுத் தருவார்கள்? கேபிள் ரிமோட்டில் எண்ணை அழுத்தினால் சேனல் வந்துவிடும். ஓடிடியில் ஆப்பைத் திறக்க வேண்டும், பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஓடிபி கேட்டால் போனைத் தேட வேண்டும், அப்டேட் வந்தால் காத்திருக்க வேண்டும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் மாதம் நூறு இருநூறு ரூபாய் மிச்சத்துக்காக அவர்களை இன்னொருவர் கையை எதிர்பார்க்க வைக்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

செலவைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி, கட்டணச் சேனல்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆபரேட்டர் தரும் பேக்கை அப்படியே எடுக்க வேண்டியதில்லை. தொகுப்பில் சேர்க்கப்படும் எந்தச் சேனலின் தனி விலையும் 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பதும் விதி. அம்மா உண்மையில் பார்க்கும் சேனல்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்தாறைத் தாண்டாது. அவற்றோடு ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழைச் சேர்த்து, மற்றதை எடுக்கச் சொல்லுங்கள். கிரிக்கெட் இல்லாத மாதங்களில் அந்த ஸ்போர்ட்ஸ் சேனலையும் எடுத்துவிடலாம். 'அப்படியெல்லாம் தர முடியாது' என்று ஆபரேட்டர் சொன்னால், விதி இருக்கிறது என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

எங்கள் கிராமத்தில் ஃபைபர் இல்லை, போன் சிக்னலும் சுமார். மாதக் கட்டணமே இல்லாமல் கிரிக்கெட் பார்க்க வழி உண்டா? – வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

உண்டு, தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ். டிஷ்ஷும் பெட்டியும் வாங்க ஒரு முறை செலவு, அதன் பிறகு மாதக் கட்டணம் கிடையாது. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அரசு அறிவித்த ஆட்டங்களின் சிக்னலைத் தனியார் சேனல்கள் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்குக் கொடுத்தாக வேண்டும். இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்கள் அதில் அடங்கும். உலகக் கோப்பையின் அரையிறுதியும் இறுதியும்கூட.

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. 2017-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புப்படி, இப்படிப் பகிரப்படும் சிக்னலைக் கேபிளிலும் தனியார் டிடிஎச்சிலும் காட்டக் கூடாது. ஃப்ரீ டிஷ்ஷிலும் தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்பிலும் மட்டுமே அது வரும். 'என் கேபிளிலும் டிடி ஸ்போர்ட்ஸ் இருக்கிறதே, மேட்ச் ஏன் வரவில்லை' என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

ஐபிஎல் அந்தப் பட்டியலில் இல்லை. சிஎஸ்கே ஆட்டங்களை நம்பி ஃப்ரீ டிஷ் வாங்காதீர்கள்.

எங்கள் ஊர் கேபிள்காரர் தனியாக ஒரு சேனல் நடத்துகிறார். சுற்றுவட்டாரக் கபடி, வாலிபால் டோர்னமென்ட், கோயில் திருவிழா எல்லாம் அதில்தான். கேபிளை எடுத்தால் அதெல்லாம் போய்விடுமே? – வாசகர், ஒட்டன்சத்திரம்

இந்தக் கேள்வியை அனுப்பியதற்கு நன்றி. உள்ளூர் விளையாட்டு என்றதும் எல்லோரும் சிஎஸ்கேயோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ராத்திரி முழுக்க ஃப்ளட் லைட் போட்டு நடக்கும் ஊர்க் கபடியை எந்தப் பெரிய ஓடிடியும் காட்டப்போவதில்லை. அந்த ஆட்டங்களை இத்தனை வருடமும் பதிவு செய்து மக்களிடம் சேர்த்தவர்கள் உள்ளூர் கேபிள் சேனல்காரர்கள்தான்.

இப்போது பல டோர்னமென்ட் கமிட்டிகள் யூடியூபில் நேரடியாகவே போடுகின்றன. போஸ்டரில் சேனல் பெயரையும் அச்சிடுகிறார்கள். உங்கள் ஊர் கேபிள்காரரிடமே யூடியூபிலும் போடுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். போடுகிறார் என்றால் கவலையில்லை. அது கிடையாது, கேபிளில் மட்டும்தான் என்றால் கனெக்‌ஷனை வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. கிரிக்கெட்டுக்குப் பத்து வழி உண்டு, அந்த ஆட்டங்களுக்கு இது ஒன்றுதான்.

ஜல்லிக்கட்டுக்குக் கவலை வேண்டாம். தைப்பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப் பொங்கலன்று பாலமேடு, அடுத்த நாள் அலங்காநல்லூர், மூன்றையும் தமிழ்ச் செய்திச் சேனல்கள் காலையிலிருந்து யூடியூபில் இலவசமாக நேரலை செய்கின்றன.

செஸ், ரஞ்சி, கால்பந்து? – வாசகர், கோவை

செஸ் ரசிகர்களுக்குப் பணமே செலவில்லை. 2024-இல் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆன ஆட்டங்களை முழுக்க யூடியூபிலேயே பார்த்தோம். பெரிய தொடர்கள் பெரும்பாலும் ஃபிடே, செஸ்பேஸ் இந்தியா போன்ற சேனல்களில் வந்துவிடும்.

ரஞ்சியில் தேர்ந்தெடுத்த சில ஆட்டங்களுக்குத்தான் நேரலை உண்டு. தமிழ்நாட்டின் ஆட்டம் அதில் இல்லாவிட்டால் பிசிசிஐ தளத்தின் ஸ்கோர்தான் கதி. 1987-88-க்குப் பிறகு கோப்பைக்காகக் காத்திருக்கும் ஒரு மாநிலத்தின் ரசிகர்களுக்கு இது போதாது. கேபிள் வைத்திருந்தாலும் இதே நிலைதான்.

கால்பந்தில் ஐஎஸ்எல்லின் உரிமை கைமாறிக்கொண்டே இருக்கிறது. 2022-23 வரை ஹாட்ஸ்டார், அடுத்த சீசனில் ஜியோசினிமா. சென்னையின் எஃப்சிக்காக எந்த ஆப்புக்கும் வருடச் சந்தா கட்டாதீர்கள். சீசன் தொடங்கும் வாரத்தில் முடிவு செய்யுங்கள்.

வீட்டில் நெட் இல்லை. போன் ஹாட்ஸ்பாட் போட்டு டிவியில் பார்த்தால் போதுமா? – வாசகர், வேலூர்

ஒரு நாள் ஒரு மேட்சுக்குக்கூடப் போதாது. எச்டி தரத்தில் 5 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2.25 ஜிபி. டி20 ஆட்டம் நாலு மணி நேரம் போகும், அதாவது 9 ஜிபி. உங்கள் பேக்கில் தினமும் 2 ஜிபி என்றால் பவர்பிளே தாண்டிக் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். அன்லிமிடெட் 5ஜி சிக்னல் நன்றாக வரும் இடமென்றால் சமாளிக்கலாம். இல்லாவிட்டால் ஃபைபர் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் கேபிளோடு ஒப்பிட வேண்டும். மேட்சுக்காக மட்டும் புதிதாக நெட் போடுவதென்றால் கேபிளே மலிவு.

ஃபைபர் போடுபவர்கள் ரவுட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ்ஸும் வாங்கிவிடுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த நொடியில் ரவுட்டர் அணைந்தால், திரும்ப இணைப்பு வருவதற்குள் ஓர் ஓவர் போய்விடும்.

டல்லஸில் இருக்கும் மகன் என் ஜியோஹாட்ஸ்டார் கணக்கில் ஐபிஎல் பார்க்க முடியவில்லை என்கிறான். – வாசகர், கும்பகோணம்

உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐபிஎல் வில்லோ டிவியிடம் இருக்கிறது. மகன் அங்கேயே சந்தா எடுக்க வேண்டும்.

டெலிகிராமில் இலவச லிங்க் வருகிறது, பயன்படுத்தலாமா? – வாசகர், சேலம்

வேண்டாம். அது திருட்டு ஒளிபரப்பு. அந்த லிங்க் இறக்கச் சொல்லும் ஆப் உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படிக்க அனுமதி கேட்கும். வங்கி ஓடிபியும் எஸ்எம்எஸ்ஸில்தான் வருகிறது.

கேபிளை நிறுத்த முடிவு செய்துவிட்டேன். சும்மா பணம் கட்டாமல் விட்டால் போதுமா? – வாசகி, திருநெல்வேலி

போதாது. முறையாகச் சொல்லி நிறுத்துங்கள். அரசு கேபிள் பெட்டி என்றால் அது அந்த நிறுவனத்தின் சொத்து. ரிமோட், அடாப்டரோடு ஆபரேட்டரிடம் திருப்பிக் கொடுத்து, பெட்டியின் எண் எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தனியார் பெட்டி என்றால் நீங்கள் விலை கொடுத்து வாங்கியதா, வாடகையா என்று பழைய ரசீதில் பாருங்கள். வாடகைப் பெட்டிக்கு டெபாசிட் கட்டியிருந்தால் மறக்காமல் கேளுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. ஒரேயடியாகத் துண்டிக்க மனம் வராவிட்டால், சில மாதங்களுக்குத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும்படி கேட்கலாம், அதற்கும் விதியில் இடம் இருக்கிறது. ஐபிஎல் தொடங்கும்போது ஓடிடிக்கு மாறி, கேபிளை அந்த இரண்டு மாதம் நிறுத்தி வைத்துப் பாருங்கள். வீட்டில் யாரும் அதைத் தேடவில்லை என்றால் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.