பேசும்படம் வந்த புதிதில், குறைந்த செலவில் எடுத்த பிரிட்டிஷ் குற்றப்படங்களில் ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம்?

தயங்காமல் 'ரைனாக்ஸ்' என்பேன். 1931-இல் எடுத்த படம், இயக்கம் மைக்கேல் பவல். மொத்தமே 48 நிமிடம்தான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தால் தூக்கம் வருவதற்குள் முடிந்துவிடும்.

இது எப்படி வந்த படம் என்று தெரிந்தால் இதன்மேல் மரியாதை கூடும். ஹாலிவுட் படங்களுக்கு நடுவில் உள்ளூர் சினிமா நசுங்கிப்போகிறது என்று பிரிட்டன் 1927-இல் ஒரு சட்டம் போட்டது. விநியோகஸ்தர்கள் வெளியிடும் படங்களில் நூற்றுக்கு ஏழரை பங்கு பிரிட்டிஷ் படமாக இருக்க வேண்டும். போகப்போக அது 20 வரை ஏறியது. பிரிட்டனில் படங்களை விநியோகித்த அமெரிக்கக் கம்பெனிகள் என்ன செய்தன? கணக்குக் காட்டினால் போதும் என்று அடிமாட்டு விலைக்குப் படம் எடுக்கச் சொன்னன. ஒரு அடி பிலிமுக்கு ஒரு பவுண்டு என்பது அன்றைய பேரம். நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அந்தக் கணக்கில் 48 நிமிடப் படத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் பவுண்டு! சில தியேட்டர்களில் காலையில் பெருக்கித் துடைக்க வரும் பெண்கள் மட்டும் இருக்கும்போது இந்தப் படங்களை ஓட்டிக் கணக்கை நேர்செய்வார்களாம். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் பவல் இதை அக்கறையோடு எடுத்திருக்கிறார் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

கதை பிலிப் மெக்டொனால்டின் நாவலிலிருந்து வந்தது. ரைனாக்ஸ் என்ற கம்பெனியின் முதலாளி பெனடிக். கடன் கழுத்தை நெரிக்கும் நேரம். பாஸ்வெல் மார்ஷ் என்று ஒருவன் அவரை மிரட்டிக்கொண்டே இருக்கிறான். தாடி, கறுப்புக் கண்ணாடி, எல்லாரிடமும் எரிந்துவிழும் குணம். ஒருநாள் பெனடிக் சுடப்பட்டுச் செத்துக்கிடக்கிறார். மகன் டோனி துப்புத் துலக்கக் கிளம்புகிறான். இந்த மகனாக வரும் ஜான் லாங்டன்தான் ஹிட்ச்காக்கின் 'பிளாக்மெயில்' படத்தில் துப்பறிவாளராக நடித்தவர். அப்பாவாக வரும் ஸ்டூவர்ட் ரோம் ஊமைப்பட காலத்து நட்சத்திரம். தலைக்குமேல் கத்தி தொங்கும்போதும் அசராமல் இருக்கும் மனிதராக அவர் நடித்திருப்பதை நன்றாகக் கவனித்துப் பாருங்கள். முடிச்சு அவிழ்ந்த பிறகு அந்தக் காட்சிகளை நான் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அந்த நிதானத்துக்கு வேறொரு அர்த்தம் இருந்தது.

சரி, இதற்குமேல் சொன்னால் கதை போய்விடும். இணையத்தில் கதைச்சுருக்கம் தேடாதீர்கள். முடிவையும் சேர்த்தே எழுதியிருப்பார்கள். நேரே படத்தைப் பாருங்கள்.