தழும்பு மறைக்கும் கிரீம்: கேளுங்கள், சொல்கிறேன்

மார்த்தாண்டத்தில் மணப்பெண் அலங்காரம் என் தொழில். தழும்பு, வெண்புள்ளி, பிறவி மச்சம் ஆகியவற்றைக் கேமஃபிளாஜ் கிரீமால் மறைப்பதைத் தனியாகப் படித்தேன். மருந்து மட்டும் கேட்காதீர்கள், அது தோல் டாக்டர் வேலை.

அக்கா, கையில் எண்ணெய் தெறித்த பழைய தழும்பு, கருப்பாக இருக்கிறது. பாறசாலையில் கல்யாணம். ஃபவுண்டேஷன் போட்டால் வியர்வையில் வழிகிறது. (களியக்காவிளை)

வழியத்தான் செய்யும். சாதாரண ஃபவுண்டேஷனில் நிறமி குறைவு. கேமஃபிளாஜ் கிரீமில் நிறமி பல மடங்கு, தண்ணீரும் ஒட்டாது. 1928-ல் அமெரிக்காவில் லிடியா ஓ'லியரி கவர்மார்க் என்ற மறைப்புக் கிரீமை உருவாக்கியதே தன் முகத்துப் பிறவி மச்சத்தை மறைக்கத்தான். இப்போது கிரையோலான் கம்பெனியின் டெர்மாகலர் மாதிரி நிறைய இருக்கின்றன.

கருந்தழும்புக்கு முதலில் ஆரஞ்சு கரெக்டர், அதாவது தழும்பின் நிறத்தை அடக்கும் கிரீம், மெல்லிசாக. சிவந்த தழும்பு என்றால் பச்சை. அதன்மேல் உங்கள் நிறத்துக் கிரீமை விரல் நுனியால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். ஓரம் தழும்பைத் தாண்டிக் கொஞ்சம் கலையட்டும். பிறகு பவுடரைத் தாராளமாக அழுத்தி, பத்து நிமிஷம் விட்டு, மிச்சத்தைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பவுடரில் அவசரப்படுகிறவர்களுக்குத்தான் பட்டுச்சேலையில் கறை. நிறம் பார்ப்பதைக் கடை டியூப்லைட்டில் வைத்துக்கொள்ளாமல் வாசலுக்கு வந்து பாருங்கள். முந்தைய வாரமே முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் விட்டுப் பார்த்துவிடுங்கள். ராத்திரி தேங்காய் எண்ணெயால் துடைத்தால் போய்விடும்.

ஆபரேஷன் தையல் பிரித்து மூன்று நாள். போடலாமா?

கூடாது. காயம் முழுசாக ஆறி, டாக்டர் சரி என்ற பிறகு வாருங்கள்.

நெஞ்சில் கெலாய்டு, அதாவது தடித்து வளர்ந்த தழும்பு, மேடாக இருக்கிறது. தெரியாமல் பண்ண முடியுமா?

நிறம் மறையும், மேடு மறையாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் நிழல் காட்டிக்கொடுக்கும். தழும்பின்மேல் ஒட்டும் சிலிகோன் ஷீட் உதவுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மறைப்பதைவிட, வெளுக்க வைக்கும் கிரீம் ஏதாவது சொல்லுங்களேன்.

மாட்டேன். 2023-ல் மலப்புறத்தில் வெளுப்பு கிரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்த செய்தி படிக்கவில்லையா? காரணம் பாதரசம். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆபரேஷன் சௌந்தர்யா என்று கடைகடையாகச் சோதனைக்குப் போனது. தயாரித்தவர் விலாசம் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்தது இன்னொரு தொல்லை: நிறுத்தினதும் முகம் எரியும்.

பக்கத்து பியூட்டி பார்லரில் ஒரு வெளுப்பு கிரீம்...

மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

தங்கைக்குக் கழுத்தில் வெண்புள்ளி. பெண் பார்க்க வருகிறார்கள். மறைத்து உட்கார வைக்கலாமா?

மறைக்க முடியும். ஆனால் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

அப்படியென்றால் உங்கள் தொழிலே ஏமாற்று வேலைதானே?

போட்டோவுக்கும் விசேஷத்துக்கும் போடுவது அவரவர் இஷ்டம். ஆயுசுக்கும் கூட வாழப்போகிறவரிடம் மறைத்தால்தான் வம்பு.

தலைக்கு டை அடித்து வருகிற மாப்பிள்ளையை யாரும் கேட்பதில்லையே சேச்சி? வெண்புள்ளிப் பெண் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

நியாயமான கேள்வி. அவரும் சொல்லட்டும்! ஆனால் டை வெளுத்தால் யாரும் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவதில்லை. புள்ளி தெரிந்ததும் அனுப்பின வீடு எனக்குத் தெரியும். தங்கையின் பாதுகாப்புக்காகச் சொல்கிறேன், மாப்பிள்ளை வீட்டு மரியாதைக்காக அல்ல.

ஒட்டும் நோய் என்று பயந்தால்?

ஒட்டாது. தொழுநோயோடு குழப்புகிறார்கள். தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி குறையும். வெண்புள்ளியில் தொடுகை சாதாரணமாகத் தெரியும். தோல் டாக்டரிடம் அவர்களையும் கூட்டிப் போங்கள், அவர் வாயால் கேட்டால் நம்புவார்கள்.

தங்கை லைட் சிகிச்சைக்கும் போகிறாள். கிரீமோடு போகலாமா?

போகாதே என்று சொல்லுங்கள். கிரீம் ஒளியைத் தடுக்கும். நன்றாகத் துடைத்துவிட்டு நிற்க வேண்டும், திரும்பி வந்து போட்டுக்கொள்ளலாம்.

வெளுப்பு கிரீம் விலை...

இன்றைக்கு இவ்வளவுதான்.