சேற்றுக்கு எந்த டயர்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 500 சிசி எஞ்சின் கொண்ட, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஏடிவி (கரடுமுரடான பாதைகளில் கைப்பிடி பிடித்து ஓட்டும் திறந்த வண்டி) ஒன்று இருக்கிறது. தோட்ட வேலைக்கும் காட்டுப் பாதைகளுக்கும் அதைப் பயன்படுத்துகிறேன். வண்டியுடன் வந்த 25 அங்குல டயர்கள் மழைக்காலச் சேற்றில் வழுக்குகின்றன. கடைக்காரர் 28 அங்குல உயரமும் 2 அங்குலக் கட்டைகளும் (டயரின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர் மேடுகள்) உள்ள சேற்று டயரை வாங்கச் சொல்கிறார். நண்பரோ 26 அங்குலமே போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் உங்கள் பாதையில் இருக்கும் சேற்றைச் சோதித்துப் பாருங்கள். வண்டி வழக்கமாகச் சிக்கும் இடங்களில் ஒரு நீண்ட கோலை ஊன்றினால், எவ்வளவு ஆழத்தில் கெட்டியான தரை தட்டுப்படுகிறது என்பது தெரிந்துவிடும். டயரின் அகலம், கட்டையின் உயரம் ஆகிய இரண்டையும் முடிவு செய்ய வேண்டியது அந்த ஆழம்தான்.

ஒரு சாண் ஆழத்துக்குள் கெட்டித் தரை இருக்குமானால், ஒடுக்கமான டயரே நல்லது. அது மேலே கிடக்கும் குழம்பைக் கிழித்துக்கொண்டு இறங்கி, அடியில் உள்ள தரையைப் பற்றிக்கொண்டு வண்டியை முன்னே தள்ளும். கோல் முழுவதும் இறங்கியும் தரை தட்டுப்படாத புதைசேறாக இருந்தால் நிலைமை நேர் எதிரானது. அங்கே எடையைப் பரப்பித் தாங்கும் அகலமான டயர்தான் வேண்டும். உயரமான கட்டைகளோடு சக்கரத்தை வேகமாகச் சுழற்றினால் அது தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டு, வண்டியின் அடித்தட்டு சேற்றில் உட்காரும்வரை இறங்கிவிடும். 2 அங்குலக் கட்டை எல்லாச் சேற்றுக்கும் மருந்து என்று விற்பவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

உங்கள் மண் ஒட்டும் களிமண்ணாக இருந்தால், கட்டையின் உயரத்தைவிடக் கட்டைகளுக்கு இடையே உள்ள இடைவெளியை உற்றுக் கவனியுங்கள். சக்கரம் சுழலும்போது இடையில் சிக்கிய மண் வெளியே வீசி எறியப்பட வேண்டும். அது வெளியேறாமல் அப்பிக்கொண்டால், எவ்வளவு உயரமான கட்டை இருந்தாலும் டயர் ஒரு வழுவழுப்பான உருளையைப் போலாகிவிடும். அகன்ற இடைவெளியும், பக்கச்சுவரின் மேற்பகுதிவரை இறங்கி வரும் கட்டைகளும் உள்ள டயர், ஆழமான சக்கரத் தடங்களின் ஓரத்தைப் பிடித்து ஏறவும் உதவும்.

அடுத்தது வண்டியின் வலிமை. 25 அங்குலத்திலிருந்து 28 அங்குலத்துக்கு மாறினால் டயரின் சுற்றளவு 12 சதவீதம் கூடுகிறது. எஞ்சினும் கியரும் அப்படியே இருக்க, சக்கரம் தரையைத் தள்ளும் விசை ஏறத்தாழ 11 சதவீதம் குறைந்துவிடும். விசை மிகவும் தேவைப்படும் சேற்றிலேயே அதை இழக்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள். மேலும், ஆழக்கட்டை டயரின் எடையில் பெரும்பகுதி அதன் வெளிவட்டத்தில் இருப்பதால், அதைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் உழைப்பு தேவைப்படுகிறது. அந்தச் சுமையை ஆக்சில்களும், சக்கரம் திரும்பினாலும் விசையைக் கடத்தும் மூட்டுகளான சிவி ஜாயின்ட்டுகளும், தானியங்கிக் கியர் உள்ள வண்டியென்றால் அதன் பெல்ட்டும் ஏற்கின்றன. வேகமானியும் சக்கரச் சுற்றைக் கொண்டே கணக்கிடுவதால், அது 50 காட்டும்போது வண்டி 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இத்தனைக்கும் ஈடாகக் கிடைப்பது தரையிலிருந்து ஒன்றரை அங்குலக் கூடுதல் உயரம். அது சிறிய ஆதாயமல்ல. ஆயினும் கிளட்ச் அமைப்பை மாற்றாமல், 500 சிசி வண்டியில் அதற்காக இவ்வளவு விலை கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

தோட்ட வேலையையும் நீங்கள் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஆண்டின் பெரும்பகுதி காய்ந்த, இறுகிய தரையில் ஓடும் வண்டியில் 2 அங்குலக் கட்டைகள் வளைந்து நெளிந்து கைப்பிடிவரை அதிர்வைத் தருவதோடு, விரைவில் தேய்ந்தும் போகும். ஈரமான புல்தரையையும் நடைபாதையையும் அவை ஆழமாகக் கிழிப்பதை நான் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது. கிழிந்த தடத்தில் நீர் தேங்க, அடுத்த மழையில் அதே இடம் இன்னும் பெரிய சேறாகிறது.

ஆகவே உங்களுக்கு நான் பரிந்துரைப்பது 26 அங்குல உயரமும், ஏறத்தாழ 1 அங்குலக் கட்டையும், 6 பிளை வலிமையும் கொண்ட டயரைத்தான். பக்கச்சுவரில் 26×9–12 என்று அச்சிட்டிருந்தால் உயரம் 26, அகலம் 9, பொருந்தும் ரிம்மின் விட்டம் 12 அங்குலம் என்று பொருள். பிளை எண் உள்ளே இருக்கும் அடுக்குகளின் எண்ணிக்கை அல்ல, டயர் தாங்கும் வலிமையின் அளவீடு. கூரிய கல்லும் வெட்டிய மரக்கட்டைகளும் நிறைந்த பாதையானால் 8 பிளை வாங்கலாம். ஆனால் அது விறைப்பானது, எடையும் கூடுதல்.

பணம் கொடுப்பதற்கு முன், ஒரு டயரை முன்சக்கரத்தில் மாட்டி, ஆளும் வழக்கமான சுமையும் ஏறிய நிலையில் கைப்பிடியை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். மட்கார்டிலோ சஸ்பென்ஷனிலோ எங்கும் உரசக் கூடாது.

கேள்வி: செலவைக் குறைக்கப் பின்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும் பெரிய சேற்று டயர் போடலாமா?

பதில்: நான்கு சக்கர விசை உள்ள வண்டியில் கூடாது. முன், பின் டயர்களின் சுற்றளவுக்கு இடையே தயாரிப்பாளர் வைத்திருக்கும் விகிதம் மாறினால், இரு அச்சுகளும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். இறுகிய தரையில் அந்த அழுத்தம் கியர்களையும் ஆக்சில்களையும் தின்றுவிடும். பின்சக்கரம் வழுக்கும்போது மட்டும் முன்சக்கரம் எஞ்சின் விசையோடு பிணையும் வகை வண்டிகளில், பிணைப்பு தேவையற்ற நேரத்தில் நிகழவோ தேவையான நேரத்தில் தாமதிக்கவோ கூடும். அதோடு, பின்னால் நல்ல பிடிப்பும் முன்னால் வழுக்கலும் இருந்தால், கைப்பிடியை எப்படித் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். நான்கையும் சேர்த்து வாங்கப் பணம் சேரும்வரை பழைய டயர்களிலேயே ஓட்டுங்கள்.

கேள்வி: சேற்றில் இறங்குமுன் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்கிறார்கள். எவ்வளவு குறைக்கலாம்?

பதில்: பிடிப்பு கூடுவது உண்மை, காற்று குறையும்போது டயர் தரையில் அதிகமாகப் பரவுகிறது. ஆனால் ஏடிவி டயர்கள் கார் டயர்களைப் போல 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அளவில் ஓடுபவை அல்ல. பெரும்பாலானவற்றுக்குச் சொல்லப்படும் அளவு 4 முதல் 7 பிஎஸ்ஐக்குள் அடங்கிவிடுவதால், 1 பிஎஸ்ஐ குறைந்தாலே மாற்றம் நன்றாகத் தெரியும். கார் டயருக்கான அளவுமானி இந்தச் சிறிய வேறுபாட்டைச் சரியாகக் காட்டாது. 10 அல்லது 15 பிஎஸ்ஐ வரை மட்டும் அளக்கும் தாழ்வழுத்த அளவுமானியைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியில் ஒட்டியுள்ள அட்டையில் குறிப்பிட்ட குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக வேண்டாம். காற்று மிகவும் குறைந்த டயர், வளைவில் பக்கவாட்டு அழுத்தம் வந்ததும் ரிம்மிலிருந்து நழுவிக் கழன்றுவிடும்; புதைசேற்றின் நடுவே அதை மீண்டும் ரிம்மில் உட்கார வைப்பது மிகக் கடினம். அட்டையில் உள்ள அளவுக்கும் கீழே காற்றை இறக்கித்தான் ஓட்ட வேண்டும் என்ற நிலை இருந்தால், டயரின் விளிம்பை வளையம் வைத்து இறுக்கிப் பிடிக்கும் பீட்லாக் ரிம்கள் தேவைப்படும். சேற்றைக் கடந்து கெட்டித் தரைக்கு வந்தவுடன், வேகம் எடுக்கும் முன்பே காற்றைப் பழைய அளவுக்கு நிரப்பிவிடுங்கள். அதற்காகச் சிறிய பம்ப் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.